புலிக்குக் குரல் கொடுத்த பானை

அந்தக் காலத்தில் கொரிய நாட்டு மலைகளில் புலி பேசும். அதுவும் தன் குரலில் இல்லை, கேட்ட குரலில் எல்லாம் பேசும். கன்றுக்குட்டி மாதிரி "ம்ம்ம்மா" என்னும். தாய்ப்பசு ஓடி வரும். வந்த பசு திரும்பிப் போகாது. புதிதாக ஒரு சத்தம் காதில் விழுந்துவிட்டால் போதும், அதைத் தானும் ஒரு தரம் சொல்லிப் பார்க்காமல் புலிக்கு இருப்புக்கொள்ளாது.

அந்த மலைச்சரிவில் ஒரு தனி வீடு. கரி சுடும் ஒக்சேயும் அவன் மனைவி தல்லேயும் கைக்குழந்தையோடு அங்கே இருந்தார்கள். ஒக்சே விடிந்ததும் சூளையிலிருந்து வருவான். வந்ததும் காலைச் சோறு. மேலே பூவாய் வெந்த சோறு அவனுக்குப் பெரிதில்லை. இரும்புப் பானையின் அடியில் பிடித்து முறுகிக் கிடக்குமே காந்தல், அதுதான் வேண்டும்.

"மாடுகூட மோந்துட்டுப் போயிடும். உங்களுக்கு அதுதான் அமிர்தம்!" என்பாள் தல்லே.

அன்று காலை ஒரே மூடுபனி. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று விறகுக் குவியல் சரியும் சத்தம். யாரோ கூரைமேல் தொம்மென்று விழுந்தார்கள்.

"தல்லே! கதவைத் திறக்காதே! புலி வாசல்ல நிக்குது!" கூரையிலிருந்து ஒக்சேயின் குரல்.

அவள் மூச்சு விடுவதற்குள் கதவு தடதடவென்று அதிர்ந்தது.

"தல்லே! திற, சீக்கிரம்! புலி கூரைமேல இருக்கு! என்மேல பாயப் போகுது!" வாசலிலும் ஒக்சேயின் குரல்.

அதே கரகரப்பு. அதே பயம். திறந்தால், வாசலில் நிற்பது புலியென்றால், அவளும் குழந்தையும் இல்லை. திறக்காவிட்டால், நிற்பது புருஷன் என்றால், அவன் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் புகை போக முறம் அகலத்துக்கு ஒரு திறப்பு உண்டு. ஆனால் போன மாதம் அடுத்த சரிவில் ஒருத்தி அப்படித்தான் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

"ஏங்க... புள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம்னு நேத்து சொன்னீங்க?"

"பொம்!" என்றது கூரை.

"பொம்!" என்றது வாசல், அதே மூச்சில்.

எத்தனை நாளாக இந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறதோ!

"கூரை வைக்கோல் வழுக்குது, தல்லே!"

"அது மேல பதுங்குது, தல்லே! திறடி!"

அவள் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. பாதி இழுத்தும்விட்டாள். அப்போதுதான் கருகல் வாசனை. சோறு! பானை காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. சூடான இரும்பில் தண்ணீர் பட்டால் பானை வெடிக்கும் என்று அந்தக் காலத்தில் யாரும் ஊற்றமாட்டார்கள். பதற்றத்தில் அவளுக்கு அது எங்கே நினைவு வந்தது! மேல்சோற்றைக் கூடையில் அள்ளிக் கொட்டினாள். ஒரு குடம் தண்ணீரை அப்படியே பானையில் கவிழ்த்தாள்.

ஷ்ஷ்ஷ்... கர்ர்ர்... உர்ர்ர்ர்ர்!

அப்படியொரு சத்தத்தை அந்த மலை கேட்டதே இல்லை. கூரையும் வாசலும் கப்பென்று அடங்கின.

பிறகு கூரைமேலிருந்து நடுங்கிக்கொண்டே ஒரு குரல்: "அடியே... காந்தல்லயா தண்ணியை ஊத்தினே? பாவி, அதை எனக்குன்னு வச்சிருக்கக் கூடாதா?"

வாசலிலிருந்து மெதுவாக, ஆசையாக: "கர்ர்... உர்ர்ர்ர்?"

தல்லேக்குத் தெரிந்துவிட்டது. தாழ்ப்பாளைத் திரும்பத் தள்ளினாள். புகைத் திறப்பில் மஞ்சள் கண் இரண்டு எழும்பின. கீழே அகலமாய்த் திறந்த வாய், இன்னொரு தரம் சொல்லிப் பார்க்க. "உர்ர்ர்..."

அவள் கொதிக்கிற காந்தல் தண்ணீரை ஒரு பெரிய அகப்பை மொண்டு அந்த வாய்க்குள் வீசினாள்.

புலி ஐயோ என்று கத்தப் பார்த்தது. உர்ர்ர் என்றுதான் வந்தது. ஒக்சே மாதிரி கத்தப் பார்த்தது, கன்று மாதிரி கத்தப் பார்த்தது. உர்ர்ர், உர்ர்ர். பனிக்குள் ஓடிப் போயிற்று.

ஒக்சே கூரையிலிருந்து வழுக்கி இறங்கினான். தல்லே பானையில் மிச்சமிருந்ததை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். காந்தல் ஊறி, தண்ணீர் பொன்னிறமாகி, கமகமவென்று இருந்தது. குடித்து முடித்தான். நடுக்கம் நின்றது. கிண்ணத்தைத் திரும்ப நீட்டினான்.

அன்று முதல்தான் புலிக்கு உறுமலைத் தவிர வேறு பேச்சில்லை. அன்று முதல்தான் அந்த மலை வீடுகளில் காலைச் சோறு எடுத்ததும் காந்தலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், பானை உர்ர்ர் என்று அடங்கும்வரை யாரும் வாய் திறப்பதில்லை, வெளியிலிருந்து ஏதாவது பதில் சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.