கூரைமேல் பிறந்த சாட்சிகள்

ஒரு காட்டில் ஒரு முயல் காங்கிரீட் வீடு கட்டியது. காட்டில் முயலுக்கு எதற்குக் காங்கிரீட் வீடு என்று சிரிக்காதீர்கள், குழந்தைகளே. போன ஐப்பசி மழையில் அதன் வளைக்குள் வெள்ளம் புகுந்து, கடைக்குட்டி பொட்டு காது மட்டும் வெளியே தெரிய மிதந்ததைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள்.

தாய்முயலின் பெயர் தும்பை. தனியாக நின்று வீடு கட்டுகிறவளை அது, இது என்று சொல்வது மரியாதை இல்லை. இனி அவளை அவள் என்றே சொல்வோம்.

"அடுத்த ஐப்பசிக்குள்ள என் மூணு பிள்ளைங்க தலைக்கு மேல ஒழுகாத கூரை வேணும்" என்று தும்பை அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் காட்டில் வீடு கட்டித் தரும் மேஸ்திரி வாலாயுதம் என்ற குரங்கு. மலையடிவாரத்து ஊரில் மனிதர்கள் வீடு கட்டுவதை மரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே தொழிலைக் கற்றவன். வேலையைக் கற்றானோ இல்லையோ, வேலை கெட்டுப்போனால் சொல்ல வேண்டிய சாக்குகளை ஒன்று விடாமல் கற்றிருந்தான். காதில் பென்சில், கழுத்தில் அளவு டேப்பு, வாயில் எப்போதும் ஒரு பெரிய பேச்சு.

"கவலையே படாதீங்க அம்மணி. நம்ம தளம் போட்டா யானை ஏறி ஆடினாலும் அசையாது" என்றான்.

தும்பை நம்பினாள். கோடை முழுக்கச் சேர்த்த கடலையைக் கூலியாக முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். அது அவள் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு ஆனி மாதத்தில், தளம் போட்ட அன்று நடந்தது. தளம் போடும் நாளில் வேலைக்காரர்களுக்கு வீட்டுக்காரர் வயிறாரச் சாப்பாடு போடுவது வழக்கம். இருபது குரங்குகள் வந்து இறங்கின. மணலும் ஜல்லியும் கலவையில் விழுவதைத் தும்பை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரியண்ணா, சிமெண்டு கொஞ்சமாத் தெரியுதே?"

"அம்மணி, நீங்க போய்ச் சாப்பாட்டைப் பாருங்க. கலவையை நாங்க பாத்துக்கறோம்."

பாவம், தும்பை போய்விட்டாள். கிழங்கு அவித்தாள், பலாச்சுளை உரித்தாள், தினைமாவில் தேன் விட்டுப் பிசைந்தாள். இருபது குரங்குகளுக்குச் சமைப்பது என்ன லேசான காரியமா? அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளுக்குக் கலவையில் எத்தனை சட்டி சிமெண்டு விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

வேலை முடிந்ததும் வாலாயுதம் ஈரத் தளத்தின் ஒரு மூலையில் தன் வலது கையை அழுத்தி எடுத்தான். அந்தக் கையில் நாலரை விரல்தான். மீதி அரை விரலைப் பலாப்பழம் திருடப்போன இடத்தில் ஒரு பொறி எடுத்துக்கொண்டது.

"இது வாலாயுதம் கைபட்ட தளம்! நான் போடற ஒவ்வொரு தளத்துலயும் இந்த முத்திரை இருக்கும்" என்றான். "தளத்தைச் சுத்தி வரப்பு கட்டியிருக்கேன் அம்மணி. இருபத்தொரு நாள் தண்ணி வத்தாம நிறுத்துங்க. தண்ணி குடிச்சாத்தான் காங்கிரீட்டு இறுகும்."

சொல்லிவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தும்பை சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டாள். ஓடை கீழே, வீடு மேட்டில். ஒரு நாளைக்கு இருபது நடை நடந்தாள். காலையில் நிரப்பியது சாயங்காலத்துக்குள் குறைந்து போனது. இன்னும் குடிபோகாத வீடு, உள்ளே போய்ப் பார்க்கவில்லை; வெயில் குடிக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஒரு தவளை கூரை விளிம்பில் வந்து உட்கார்ந்தது.

"ஏனுங்க முயலக்கா, இந்தக் குளம் எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"இது குளமில்லைங்க, என் வீட்டுக் கூரை."

"மீன் இல்லாத தண்ணியா இருக்குதே! நான் இங்க முட்டையிட்டுக்கட்டுங்களா?"

"இட்டுக்குங்க தவளையக்கா. இருபத்தொரு நாளைக்குத் தண்ணி வத்தாது. அதுக்கு நான் பொறுப்பு."

முட்டைகள் பொரிந்தன. கறுப்புக் கறுப்பாகத் தலைப்பிரட்டைகள் கூரையெங்கும் வாலாட்டி நீந்தின. முயல்குட்டிகள் மூன்றும் ஏணியில் ஏறி அவற்றோடு நாள் முழுக்கப் பேசின. இருபத்தொன்றாம் நாள் வந்தது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் மட்டும்தான் முளைத்திருந்தது.

"அம்மா, தண்ணியை விட்டுட்டா இவங்க செத்துப்போயிடுவாங்களே!" என்றது பொட்டு.

தும்பை இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு குடுக்கையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். முப்பத்தைந்து நாள் ஊற்றினாள். கடைசி வாலும் போய், கடைசிக் குட்டித் தவளையும் கூரையிலிருந்து குதித்தோடிய பிறகுதான் வரப்பை உடைத்தாள்.

ஆவணியில் முதல் மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை, தூறலுக்கு அண்ணன் என்று சொல்லலாம். வீட்டுக்குள் நாலு இடத்தில் ஒழுகியது. தும்பை வாலாயுதத்தின் மரத்தடிக்கு ஓடினாள்.

"புதுத் தளம் முதல் மழையைக் குடிக்கத்தான் செய்யும் அம்மணி. போகப் போகச் சரியாயிடும்" என்றான் அவன், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே.

போகப் போக நடந்தது வேறு. மறுநாள் மத்தியானம் குட்டிகள் தூங்கும்போது கூரையிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து, பொட்டுவின் தலைமாட்டில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! தும்பை மூன்று குட்டிகளையும் வாரி வெளியே கொண்டுபோனாள். ஐப்பசிக்கு இன்னும் இரண்டே மாதம். அந்தக் கட்டியைக் கையில் எடுத்தாள். அது புட்டு மாதிரி உதிர்ந்தது.

இந்த முறை வாலாயுதம் வேறு பாட்டுப் பாடினான்.

"நான் சொன்னபடி தண்ணி ஊத்தியிருக்க மாட்டீங்க அம்மணி. அதான் இறுகலை. தப்பு உங்க மேலதான்."

தும்பைக்குக் கோபம் காது நுனிவரை ஏறியது. "தளத்தை உடைச்சுட்டு வேற போட்டுக் குடுங்க" என்றாள்.

"போய்ப் பஞ்சாயத்துல சொல்லுங்க!" என்றான் வாலாயுதம். தண்ணீர் ஊற்றியதை யாராலும் நிரூபிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். ஊற்றிய தண்ணீர் காய்ந்துபோய்விடும் அல்லவா? இந்த ஒரு சாக்கை வைத்தே அவன் காட்டில் பாதி வீடுகளைச் சமாளித்துவிட்டான்.

பஞ்சாயத்து நாவல் மரத்தடியில் கூடியது. தலைவர் காட்டெருமை. அவர் அசைபோட்டு முடிக்காமல் வாய் திறக்க மாட்டார். அதனால் காட்டில் வழக்குகள் மெதுவாக நடக்கும், ஆனால் ஒழுங்காக நடக்கும். அணில், மான், முள்ளம்பன்றி எல்லாம் சுற்றி உட்கார்ந்தன.

"தலைவரே, இந்த அம்மணி ஒரு நாள்கூடத் தண்ணி ஊத்தலைங்க" என்றான் வாலாயுதம்.

"ஊத்தினேனுங்க. இருபத்தொண்ணுக்கு மேலயே ஊத்தினேனுங்க" என்றாள் தும்பை.

"சாட்சி இருக்கா? உங்க பிள்ளைங்க சொன்னா செல்லாது. அவங்க உங்க பக்கம்தான் பேசுவாங்க."

கூட்டம் தும்பையைப் பார்த்தது. தும்பை அவசரப்படவில்லை. வாலாயுதத்துக்குப் பேசப் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனை இன்னும் கொஞ்சம் பேசவிட்டாள்.

"மேஸ்திரியண்ணா, எனக்குத் தொழில் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். இருபத்தொரு நாளும் தண்ணி நின்னிருந்தா தளம் எப்படி இருந்திருக்கும்?"

"இரும்பாட்டம் இருந்திருக்கும்!"

"தண்ணி நின்னும் அது உதிர்ந்துபோனா?"

"அப்படி நடந்தா அது கலவையில கோளாறு. மேஸ்திரி தப்பு. ஆனா நம்ம கலவையில கோளாறே வராது. நீங்க தண்ணிதான் ஊத்தலை!"

"தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்கண்ணா."

வாலாயுதம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றான். மார்பில் தட்டிக்கொண்டான்.

"தண்ணி நின்னும் தளம் உதிர்ந்தா, தப்பு என்னோடது! எல்லாரும் கேட்டுக்குங்க!"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். தும்பை திரும்பிப் புதர்ப் பக்கம் பார்த்தாள்.

"தவளையக்கா, வாங்க."

தவளை தாவி வந்தது. அதன் பின்னால் நாற்பது குட்டித் தவளைகள் தத்தித் தத்தி வந்து வரிசை கட்டின.

"தலைவரே, இதுங்க எல்லாம் அந்தக் கூரையிலதான் பொறந்துச்சுங்க" என்றது தவளை. "ஒரு நாள் வத்தியிருந்தாக்கூட இதுல ஒண்ணும் பொழைச்சிருக்காது."

வாலாயுதம் கல்லிலிருந்து குதித்தான். கையை ஆட்டிக் கத்தினான்.

"பொய்! இதுங்க ஓடையில பொறந்ததுங்க! தவளைக்கு என்ன, எங்க வேணும்னாலும் பொறக்கும்!"

காட்டெருமை அசைபோடுவதை நிறுத்தினார். குட்டித் தவளைகள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்களா, நீங்க பொறந்த எடத்துக்கு அடையாளம் ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குதுங்க! ஒரு மூலையில கை மாதிரி குழி இருக்குதுங்க!" என்று நாற்பதும் ஒன்றாகக் கத்தின. "நாங்க அதுலதான் தூங்குவோம்!"

"அஞ்சு விரல் இல்லீங்க, நாலரை விரல்!" என்றது ஒன்று.

"அரை விரல் குழி என்னுதுங்க!" என்றது எல்லாவற்றிலும் சின்னது.

வாலாயுதம் தன் வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

காட்டெருமையால் கூரை ஏற முடியாது. அணில் ஓடிப்போய் ஏறிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கூவியது.

"தளம் பூராவும் பாசி படிஞ்சு காஞ்சு கெடக்குதுங்க! மூலையில சுரண்டிப் பாத்தேன். பாசிக்கு அடியில கை இருக்குது தலைவரே! நாலரை விரல்!"

"ஒரு நாள் ஊத்தின தண்ணியில பாசி படியாது" என்றார் காட்டெருமை. "மேஸ்திரி, கையை முன்னால கொண்டா."

வாலாயுதம் கையைக் காட்டினான். வேறு வழியில்லை.

அவ்வளவுதான், முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. "போன வருஷம் என் சுவர் விழுந்தப்போ எனக்கும் இதையேதானே சொன்னே! நானும் என் தப்புன்னு நம்பி, ஊரெல்லாம் தலைகுனிஞ்சு நடந்தேனே!"

"என் தொட்டி வெடிச்சப்பவும் இதேதான்!" என்றது மான்.

வாலாயுதம் தலையைச் சொறிந்தான். "சிமெண்டு கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம்..." என்றான். அது வரைக்கும் அவன் இவ்வளவு சின்னக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

காட்டெருமை மறுபடியும் ஒரு வாய் அசைபோட்டு முடித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"பழைய தளத்தை உடைச்சுப் புதுத் தளம் போடணும். இந்தத் தடவை கலவையை அம்மணி பாத்துக்கட்டும். சாப்பாட்டை மேஸ்திரி பாத்துக்கட்டும். தண்ணி சுமக்கறதும் மேஸ்திரிதான். இது முடிஞ்சதும் முள்ளம்பன்றி சுவரு, அதுக்கப்புறம் மான் தொட்டி."

காடே கைதட்டியது. கை இல்லாதவை காலைத் தட்டின.

புதுத் தளம் போட்ட அன்று தும்பை கலவைப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. மணலைச் சலித்த பிறகே சேர்க்கவிட்டாள். சிமெண்டைச் சட்டி சட்டியாக எண்ணிப் போடவைத்தாள். அந்தப் பக்கம் இருபது குரங்குகளுக்கும் சேர்த்துச் சமைத்த வாலாயுதம் வாலைச் சுட்டுக்கொண்டான். தளம் வழவழவென்று வந்தது. அதில் கை முத்திரை வைக்க அவனை யாரும் விடவில்லை.

மூன்றாம் நாள் தவளை மறுபடியும் வந்து முட்டையிட்டது. வாலாயுதம் குடுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கும் மேட்டுக்கும் நடந்தான். இருபத்தொன்றாம் நாள் கூரை விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நாள் ஆயிடுச்சு. போதுமில்ல?"

தண்ணீரிலிருந்து சின்னத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"மாமா, எங்களுக்கு இன்னும் வால் போகலையே!"

"எனக்கும்தான் வால் இருக்கு. அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

"உங்க வால் போறவரைக்கும் ஊத்த வேண்டாம் மாமா. எங்க வால் போறவரைக்கும் ஊத்துங்க."

ஊற்றினான். வேறு என்ன செய்வான்?

ஐப்பசி பிறந்தது. ஒரு காலையில் வானம் இடிந்துவிழுவதுபோல மழை கொட்டியது. தும்பையின் வீட்டுக்குள் மூன்று குட்டிகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. ஒரு சொட்டு விழவில்லை. தும்பைக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டு வாலாயுதம்.

"அம்மணி, நான் எனக்குக் கட்டின வீடு ஒழுகுதுங்க" என்றான்.

தும்பைக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே வரச் சொல்லி அடுப்பருகில் உட்காரவைத்தாள். அவன் மழைச் சத்தத்தைக் கேட்டபடி கூரையை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான்.

"ஒரு சொட்டுக்கூட இல்லையே! இது நெசமாவே நம்ம தளமாங்க?"

"நீங்க போட்டதுதான் மேஸ்திரியண்ணா. சிமெண்டு மட்டும்தான் குறையலை" என்றாள் தும்பை.

நீதி: உண்மையாக உழைத்தவருக்கு எங்கிருந்தாவது சாட்சி வரும், தன் குறையைப் பிறர் தலையில் கட்டுகிறவர் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வார்.