நாலு கால் மகாராஜா

மயிலோடைச் சமஸ்தானத்து மகாராஜா வீரகேசரியிடம் யானை இருந்தது, குதிரை இருந்தது, தங்கப் பல்லக்கு இருந்தது. அவர் உயிரையே வைத்திருந்தது என்னவோ ஒரு சைக்கிள் மேல்தான். சீமையிலிருந்து கப்பலில் வந்த இரட்டைச் சைக்கிள் அது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பேரும் மிதிக்க வேண்டும்.

முன்னால் மகாராஜா. பின்னால் அரண்மனை அதிகாரியான பேஷ்கார் திருவேங்கடம். மகாராஜாவுக்குக் கால் பிடித்துவிடும் உரிமை பரம்பரையாகப் பேஷ்கார் குடும்பத்துக்குத்தான். வேறு யாராவது அந்தக் காலைத் தொட்டுவிட்டால் மனிதர் மூன்று நாள் சாப்பிட மாட்டார். பின் ஸீட்டையும் அப்படித்தான் அடம்பிடித்து வாங்கியிருந்தார்.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பின் பெடல்கள் இரண்டையும் இணைத்துச் சட்டத்துக்குள் சுழலுகிற நடு அச்சு மட்டும் அடிக்கடி உடைந்தது. சீமை அச்சு ஒரு மாதம் தாங்கியது. ஜெர்மனி அச்சு இருபது நாள். பேஷ்கார் யோசனைப்படி பழைய பீரங்கியை உருக்கி ஒரு அச்சு செய்தார்கள். அது ஒன்பதாம் நாள் ஏரிக்கரையில் உடைந்து, மகாராஜா கிரீடத்தோடு சேற்றில் விழுந்தார்.

அதைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டார். ஆஸ்தான விகடர் நல்லபெருமாள்.

"சிரிப்பா வருகிறது?" என்றார் மகாராஜா, மீசையிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே. "அடுத்த அச்சை நீர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் பிறந்தநாளன்று குதிரைமலைக் கோவிலுக்கு ஏழு மைல் இதே வண்டியில் போகிறேன். வழியில் உடைந்தால் நீர் அன்றைக்கே சமஸ்தானத்தை விட்டு வெளியேற வேண்டும்!"

பேஷ்கார் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. இரும்புக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் நல்லபெருமாள். வீட்டுக்குப் போனால், செய்தி முந்திக்கொண்டு போய்விட்டது. அவர் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அரண்மனை சைக்கிள் மேஸ்திரி மஸ்தானிடம் ஓடினார். மஸ்தான் மூன்று அச்சுகளையும் எடுத்துப் போட்டார். மூன்றும் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக் கிடந்தன.

"இது தேய்ஞ்சு போனது இல்ல சாமி. ஒருத்தர் முன்னால தள்ள, இன்னொருத்தர் தள்ளவிடாம புடிச்சாத்தான் இப்படி முறுக்கும். பெடலு நாலும் ஒரே செயின்ல கோத்திருக்கு பாருங்க. ஒண்ணு சுத்தினா எல்லாம் சுத்தியாகணும்."

"யார் பிடிப்பது?"

"அதை நான் எப்படிச் சொல்ல? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

நல்லபெருமாள் நேரே பேஷ்காரிடம் போய், "பின்னால் உட்காருவது பெரிய கலையாமே?" என்று கொக்கி போட்டார்.

பேஷ்கார் பூரித்துப்போனார். "பின்னே? மகாராஜா காலெடுத்து வைக்குமுன் குடிமகன் கால் நகரக்கூடாது. கொள்ளுப்பாட்டனார் காலத்துச் சட்டம். அவர் மிதித்து முடிக்கிறவரை என் பெடலை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அப்புறம்தான் விடுவேன்."

விஷயம் விளங்கிவிட்டது. விளங்கி என்ன பயன்? அந்தச் சட்டத்தைக் குறை சொன்னாலும் நாடுகடத்தல்தான். நல்லபெருமாள் தலையைச் சொறிந்துகொண்டே சபைக்கு நடந்தார். அரண்மனை வாசலில் சொறிவது நின்றது.

"மகாராஜா, அச்சு தேர்ந்தாயிற்று. கூடவே ஒரு விண்ணப்பம். உலகத்து ராஜாக்களுக்கெல்லாம் இரண்டே கால். பிறந்தநாளன்று தங்களுக்கு நான்கு இருக்க வேண்டும். அந்த வண்டியை மிதிக்கும் கால்கள் நான்கும் அன்று சூரியன் மறையும்வரை மகாராஜாவின் கால்களே என்று ஒரு கட்டளை போடுங்கள்."

நாலு கால் ராஜா! வீரகேசரிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அங்கேயே முத்திரை வைத்தார். தன் காலுக்கு ராஜமரியாதை வந்ததில் பேஷ்காருக்கும் தலைகால் புரியவில்லை.

பிறந்தநாள் வந்தது. மேளதாளத்தோடு வண்டி கிளம்பியது. பக்கத்தில் ஒரு மட்டக்குதிரை மேல் நல்லபெருமாள். அரை மைலில் பேஷ்கார் பழக்கதோஷத்தில் பெடலை அழுத்திப் பிடித்தார். அச்சு 'கிறீச்' என்றது. நல்லபெருமாளுக்கு உயிரே போய்விட்டு வந்தது.

"பேஷ்காரே!" என்று கத்தினார். "மகாராஜாவின் முன்கால்கள் போகின்றன, மகாராஜாவின் பின்கால்கள் மறுக்கின்றனவே! ஜனங்கள் பார்க்கிறார்கள். அரசர் கால் அரசருக்கே அடங்கவில்லை என்று பேசமாட்டார்களா?"

மகாராஜா திரும்பி முறைத்தார். பேஷ்கார் அரண்டுபோய் மிதிக்க ஆரம்பித்தார். கொஞ்சம் ஓய்ந்தால் போதும், குதிரையிலிருந்து குரல் வரும்: "மகாராஜாவின் கால்களுக்கு இவ்வளவு சோம்பலா?" ஏழு மைலும் மிதித்தார். மேட்டில் மகாராஜா காலைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கும் சேர்த்து மிதித்தார்.

வண்டி குதிரைமலை அடிவாரத்தில் நின்றது. மஸ்தான் குனிந்து, ஆட்டிப் பார்த்து, "ஒரு கீறல் இல்லீங்க மகாராஜா!" என்றார்.

"பலே! எந்தத் தேசத்து அச்சு?"

"நம்ம கடைவீதி அச்சுதான். வாடகைச் சைக்கிளுக்குப் போடுவாங்களே, அது. விகடர் ஐயாதான் இது போதும்னாரு."

மகாராஜா முறுக்கிய பீரங்கி அச்சை நினைத்தார். கடைவீதி அச்சைப் பார்த்தார். பிறகு பேஷ்காரின் கால்களைப் பார்த்தார். எல்லாம் புரிந்துபோய் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லபெருமாள், நீர் எங்கேயும் போக வேண்டாம். என்ன வேண்டும், கேளும்!"

"என் வீட்டுக்கு ஒரு சேவகனை அனுப்பி மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள், மகாராஜா. நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள்."

இதற்குள் பேஷ்கார் தரையில் சாய்ந்துவிட்டார். "ஐயோ, கால்! யாராவது கொஞ்சம் பிடித்துவிடுங்களேன்!"

இரண்டு சேவகர்கள் பாவப்பட்டு ஓடி வந்தார்கள். நல்லபெருமாள் குறுக்கே கையை நீட்டினார்.

"தொடாதீர்கள்! சூரியன் இன்னும் மறையவில்லை. இவை மகாராஜாவின் கால்கள். மகாராஜாவின் காலைப் பிடிக்கும் உரிமை பேஷ்கார் ஒருவருக்குத்தான்!"