கட்-ஆஃபைக் குறைத்துப் பேசிய தாய்மாமன்மார்

கொளிஞ்சிவலசு நித்திலாவுக்குத் தாய்மாமன்மார் மூவர். ஐவர் என்று சொல்வோரும் உண்டு. நடந்த கூத்துக்கு மூவரே போதும் என்பதால் நாம் மூவரோடு நிறுத்திக்கொள்வோம். மூத்தவர் செங்கோடன், அடுத்தவர் நாச்சிமுத்து, கடைசி மாரப்பன். மூவரும் மாட்டுத் தரகர்கள். நித்திலாவுக்குத் தகப்பன் இல்லை; அவளுடைய நல்லது கெட்டது எல்லாம் இம்மூவர் சொல்லில்தான் நடந்தது.

வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி ஒன்றில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஒரு கல்லூரியை மனத்துக்குள் தேர்ந்தும் வைத்திருந்தாள். சென்ற ஆண்டு அங்கே கட்-ஆஃப் நூற்று எண்பத்தேழில் நின்றது. அவளிடம் நூற்றுத் தொண்ணூற்றொன்று இருந்தது. விரும்பும் கல்லூரிகளின் பட்டியலை இணையத்தில் பதிய அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. மாமன்மார் தலையசைக்க வேண்டியது ஒன்றே பாக்கி.

பள்ளி ஆசிரியை அவர்களிடம், "பேரைக் கேட்டு மட்டும் முடிவு பண்ணாதீங்க. ஒரு மாடு வாங்கினா எப்படி விசாரிப்பீங்களோ, அப்படி விசாரிச்சு எடுங்க," என்று சொல்லியிருந்தார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று பிற்பகல் நித்திலாவோடு கல்லூரி வாசலில் இறங்கியதும் மாரப்பன் முன்சுவரை மெல்லத் தடவிக் கொடுத்தார். பிறகு உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"மிரளவே இல்லைங்ணா. சாது."

செங்கோடன் திருப்தியோடு உள்ளே போனார். முதல்வர் ஞானசிகாமணி எழுந்து வரவேற்று நாற்காலி காட்டினார்.

"வயசு எத்தனைங்க?" என்றார் செங்கோடன்.

"எனக்கா?"

"காலேஜுக்குங்க."

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சு."

"கிழடுங்ணா," என்று நாச்சிமுத்து அண்ணன் காதைக் கடித்தார். "எந்திரிங்க, வேற பார்க்கலாம்."

நித்திலா குறுக்கே புகுந்தாள். "மாமா, பழைய காலேஜுன்னாத்தான் பெரிய கம்பெனிக தேடி வந்து ஆள் எடுப்பாங்க."

"நீ சும்மா இரு அம்முணி. ஏனுங்க சார், வருசத்துக்கு எத்தனை வெளிய வருதுங்க?" என்றார் செங்கோடன்.

"அறுநூறு பேர் வர்றாங்க."

மூவரும் எழுந்து நின்று கைகூப்பினர். இந்த வயதில், ஆண்டுக்கு அறுநூறு! நாச்சிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க, முடிவா என்ன சொல்றீங்க?" என்றார் செங்கோடன்.

"போன வருஷம் நூத்தி எண்பத்தேழுக்குக் கிடைச்சுது. உங்க பொண்ணுகிட்ட நூத்தித் தொண்ணூத்தொண்ணு இருக்கு. பட்டியல்ல முதல்ல போட்டா அநேகமா கிடைச்சிடும்."

மூவரும் கூப்பிய கையை இறக்கினர். சொன்ன விலைக்கு மேலே நான்கு கூட்டிக் கொடுப்பதா! முப்பது ஆண்டுச் சந்தை வாழ்வில் அப்படியோர் அவமானத்தை அவர்கள் கண்டதில்லை.

"நூத்தி எழுபதுக்கு மேல ஒத்தை மார்க்கு தரமாட்டோமுங்க," என்றார் செங்கோடன்.

"மாமா! மார்க்கைக் குறைச்சா இடமே கிடைக்காது!"

"வாங்க வந்தவ இப்படியா ஆசையைக் காட்டிக்குவ? மிச்சம் இருபத்தொண்ணு இருந்தா, நாளைக்கு உன் தங்கச்சியை நர்சிங்ல சேர்த்துரலாம்."

செங்கோடன் தோள் துண்டை உதறி முதல்வரின் வலக்கையின் மேல் போர்த்தினார். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். முதல்வர் கையை இழுத்துக்கொண்டார்.

"பிகு பண்றாருங்ணா. விடாதீங்க," என்றார் நாச்சிமுத்து.

சுவர்க் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. இனி மாமன்மாரிடம் கெஞ்சிப் பயனில்லை என்று நித்திலாவுக்குத் தெளிவாயிற்று. மேசையைச் சுற்றிப் போய் முதல்வரிடம் குனிந்து, "சார், உங்க சுண்டுவிரலை மட்டும் கொடுத்துட்டுத் தலையை ஆட்டிருங்க. கையெடுத்துக் கும்பிடறேன்," என்று கிசுகிசுத்தாள்.

முதல்வர் கொடுத்தார், ஆட்டினார். துண்டுக்கடியில் ஏதோ அழுந்தியது. செங்கோடன் முகம் மலர்ந்தது.

"நூத்தி எழுபது. முடிஞ்சுது! போடு அம்முணி பட்டியலை."

நித்திலா கைபேசியில் அக்கல்லூரியை முதலாவதாகப் பதிந்தாள். அவளுடைய நூற்றுத் தொண்ணூற்றொன்றும் குறையாமல் அங்கேயே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதிவு ஏறிவிட்டது என்று திரையில் வந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

வெளியே வந்து பார்த்தால், வாசல் தூணில் புதுக்கயிறு ஒன்றைக் கட்டி மாமன்மார் மூவரும் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தனர். காவலாளி ஓடி வந்தார்.

"யோவ், என்னய்யா பண்றீங்க?"

"வாங்கினதை ஓட்டிட்டுப் போறோமுங்க. இருட்டறதுக்குள்ள ஊர் போய்ச் சேரணும்."

தூண் அசையவில்லை.

"புது ஆளுகளைப் பார்த்து முரண்டு பண்ணுது," என்றார் செங்கோடன். "மாரப்பா, பின்னால போயி வாலை முறுக்கு."

மாரப்பன் போனார். நெடுநேரம் கழித்துக் கட்டடத்தின் மறுபக்கமாகத் திரும்பி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, மோசம் போயிட்டோம். இதுக்கு வாலே இல்லீங்ணா."

செங்கோடன் கயிற்றை விட்டார். கல்லூரியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார்.

"அதானே பார்த்தேன். சும்மாவா பதினேழு மார்க்கைக் குறைச்சான்!"