மூடத் தம்பதியின் வணக்கம்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஆதிமூலம் தோசைக்கடை வைத்திருந்தான். அவனுக்கு மூளை கொஞ்சம் மந்தம் என்று யாராவது சொன்னால் மனைவி காத்தாயிக்குக் கோபம் வரும், தன்னை ஏன் விட்டுவிட்டார்கள் என்று. இருவருக்கும் யோசனை சொல்ல அவள் தம்பி பொன்னம்பலம் இருந்தான். ஆகவே கடை எப்போதும் ஆபத்தில்தான் இருந்தது.

அன்று மாலைக்குள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும். தவறினால் இடம் பக்கத்துத் தையல்காரருக்குப் போய்விடும். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் தவுக்கே லியோங், அதாவது லியோங் முதலாளி; கான்டனீஸ் பேசும் சீனர். தமிழ் நன்றாகப் பேசுவார். மரியாதை குறைந்தால் மட்டும் பொறுக்கமாட்டார்.

மனு எழுதும் குலசேகரன் சொல்லிக்கொடுத்தார்: "அவங்க வழக்கப்படி, அவரையும் சம்சாரத்தையும் 'அறிவுள்ள தம்பதி'ன்னு சொல்லணும். உங்களை 'மூடத் தம்பதி'ன்னு சொல்லிக்கணும். அவ்வளவுதான்."

மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"வெறும் வாயால சொன்னா நம்புவாரா, மச்சான்?" என்றான் பொன்னம்பலம்.

"அத்தாட்சி வேணும்," என்றான் ஆதிமூலம்.

"எனக்கு ஏது அத்தாட்சி? நான் நாலாவது பாஸாச்சே," என்று காத்தாயி கவலைப்பட்டாள்.

"நீ மச்சானைக் கட்டிக்கிட்டியே, அது போதும்க்கா."

கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு லியோங் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

"அறிவுள்ள தம்பதிக்கு மூடத் தம்பதியின் வணக்கம்," என்று ஆதிமூலம் போட்டோவை நீட்டினான்.

லியோங் மனம் குளிர்ந்து எழுந்து கைகூப்பினார். "இல்லை, இல்லை! நாங்கள்தான் மூடத் தம்பதி. நீங்கள்தான் அறிவுள்ள தம்பதி!" அவர் மனைவியும் ஆமாம் என்று தலையாட்டினார். லியோங் உடனே ஒப்பந்தத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

மூவரும் மூலையில் ஒதுங்கினார்கள்.

"ரெண்டு பேருமே ஒத்துக்கிட்டாங்களே!" என்றாள் காத்தாயி.

"பெரிய மனுஷன் பொய் சொல்லுவாரா?" என்றான் ஆதிமூலம்.

"அப்போ நாமதான் அறிவாளி," என்றான் பொன்னம்பலம். "அறிவாளி எவனாவது மூடன்கிட்ட இடம் எடுப்பானா?"

வாதத்தில் ஓட்டையே இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியேறினார்கள். லியோங் பத்திரத்தை ஆட்டிக்கொண்டு, வெறுங்காலோடு பின்னால் ஓடிவந்தார். "உங்க கையெழுத்து! கையெழுத்து!"

"ஐயோ பாவம், வீட்டை விட்டே ஓடிவந்துட்டாரே!" காத்தாயி கண் கலங்கினாள்.

ஆளுக்கொரு பக்கம் தாங்கிப் பிடித்து அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். "அம்மா, இவரைத் தனியா விடாதீங்க," என்றான் ஆதிமூலம். சொன்ன பிறகுதான் அந்த அம்மாளும் மூடர்தான் என்பது நினைவுக்கு வந்தது.

கடைப் பூட்டு தொலைந்துவிடக்கூடாதென்று கடையைத் திறந்துபோட்டு அதை மடியில் கட்டிவந்திருந்தான். அதை எடுத்து லியோங் வீட்டு வெளிக்கதவைப் பூட்டினான். சாவி அறிவுள்ளவர் கையில் இருப்பதே நல்லது என்று, இடத்தைத் தையல்காரருக்கே தருவதாக ஜன்னல் வழியாகக் கூவிக்கொண்டிருந்த லியோங்கைப் பொருட்படுத்தாமல், மூவரும் அதைச் சாக்கடையில் போட்டுவிட்டு நிம்மதியாக நடந்தார்கள்: ஊரில் தங்களைவிட அறிவுள்ளவர் யாரும் அப்போது இல்லை, தங்கள் கையில் சாவியை நம்பி வைக்கவோ அவர்களுக்கே தைரியமில்லை.