புள்ளி விழுந்த தெரு

சவரிமுத்து கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். ஓய்வு பெற்றபின், தன் வயதில் பாதிகூட ஆகாத மங்கையர்க்கரசியிடம் கணினி நிரல் எழுதக் கற்றுவந்தார்.

வெள்ளக்காலத்துக்கென்று இணையத்தில் ஊர் வரைபடம் ஒன்று செய்திருந்தார். தண்ணீரில் சிக்கியவர்கள் தங்கள் வீட்டின்மேல் மவுஸை வைத்து அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும். படகு அங்கே போகும்.

ஒருநாள் காலை படகு வேறு தெருவுக்குப் போய்விட்டது. நிறைமாதக்காரி ஒருத்தி இரண்டு மணி நேரம் மொட்டைமாடியில் மழையில் நின்றாள். உயிருக்கு ஆபத்தில்லை. சவரிமுத்துவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

சோதித்துப் பார்த்தார். பக்கத்தைக் கீழே நகர்த்திவிட்டு அழுத்தினால், ஒரு பிரவுசரில் புள்ளி சரியாக விழுந்தது. இன்னொன்றில் இரண்டு தெரு தள்ளி விழுந்தது.

"ஒரே இடத்தைத்தான் அழுத்துறேன் டீச்சர். மேலேயிருந்து எவ்வளவு தூரம்னு கேட்டா ஒண்ணு நூறுங்குது, இன்னொண்ணு நானூறுங்குது. எது பொய் சொல்லுது?"

மங்கையர்க்கரசி, அறையில் வேலையாக இருந்த இருவரிடம் திரும்பினார்.

"வாசல் எத்தனை அடி தூரம் இருக்கும்?"

"ஆறு" என்றாள் முன்வரிசையில் இருந்த ஃபரீதா.

"பதினெட்டு" என்றார் பின்சுவரோரம் இருந்த தனபால்.

"இதுல யார் சார் பொய் சொன்னது?"

"யாருமில்லை. உட்கார்ந்திருக்கிற இடம் வேற" என்றார் சவரிமுத்து. சொல்லும்போதே முகம் தெளிந்தது.

மறுநாள் புது நிரலோடு வந்தார். அதில் ஏழு பிரவுசர்களின் பெயர்கள். எந்தப் பெயர் வந்தால் அது சொல்லும் எண்ணோடு எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு கழிப்பது என்று ஒரு பட்டியல். ஏழிலும் புள்ளி சரியாக விழுந்தது.

மங்கையர்க்கரசி முழுவதும் படித்தார்.

"ஃபரீதா, தனபால், கொஞ்சம் இடம் மாத்தி உட்காருங்க."

இருவரும் மாறி உட்கார்ந்தார்கள்.

"சார், பேரை வெச்சுச் சொல்லுங்க. ஃபரீதாவுக்கு வாசல் எத்தனை அடி?"

"ஆறு."

சொன்னபிறகுதான் சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். ஃபரீதா பின்சுவரோரம் இருந்தாள்.

"பிரவுசரும் இப்படி மாறுமா?"

"அடுத்த பதிப்புல மாறலாம். எட்டாவதா ஒண்ணு புதுசா வரலாம்."

"அதுக்குப் பேரே இன்னும் வெச்சிருக்க மாட்டாங்களே. நான் எப்படி எழுதி வைக்கிறது?"

"ஃபரீதா இப்ப எங்கே இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"திரும்பிப் பாத்தேனே."

"உங்க நிரல்ல எந்த வரி அப்படித் திரும்பிப் பாக்குது?"

சவரிமுத்து திரைப்பக்கம் திரும்பினார். திரையில் ஏழு பெயர்களும் ஒவ்வொன்றாக அழிந்தன. அந்த இடத்தில், பிரவுசர் எங்கிருந்து அளக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்கும் ஒரு வரியை எழுதத் தொடங்கினார்.