பொன் கனமான கதை

அந்தக் காலத்தில், கல்லும் முதலையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பொன் இலவம்பஞ்சைவிட லேசாக இருந்தது. மலைக்காற்றில் அலையும், எதைக் கண்டாலும் கேள்வி கேட்கும். தேன்கூட்டுக்குள் நுழைந்து பார்த்திருந்தது, மானின் காதுக்குள்ளும் பார்த்திருந்தது. ஆற்றின் அடியை மட்டும் பார்த்ததில்லை. எத்தனை முறை குதித்தாலும் மிதந்துவிடும்.

கரையில் வெயில் காய்ந்த முதலையிடம், நீ மட்டும் எப்படி அடியில் கிடக்கிறாய் என்று ஒருநாள் கேட்டது. கல்லை விழுங்கிக்கொள்வேன் என்றது முதலை. பொன்னும் அப்படிச் செய்யலாமா?

"செய்யலாம். ஆனால் உனக்கு வாய் இல்லை, உடம்பால்தான் கனத்தைக் குடிக்க வேண்டும். குடித்த கனம் திரும்ப இறங்காது. யோசித்துக்கொள்."

பொன் பயந்து போய்விட்டது.

அந்த ஆற்றில் மீன் பிடித்துப் பிழைத்தவள் வெள்ளச்சி. அவள் மகள் மாதிக்கு ஏழு வயது. பொன் கேட்கும் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொல்பவள் மாதி ஒருத்திதான்.

ஆடி மாதத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. நடு ஆற்றுப் பாறையில் நண்டு தேடிக்கொண்டிருந்த மாதி அங்கேயே மாட்டிக்கொண்டாள். வெள்ளச்சி காட்டுக்கொடியின் ஒரு முனையை மரத்தில் கட்டி மறுமுனையை வீசினாள். வெள்ளம் அதை இழுத்துப்போனது. கல்லைக் கட்டி வீசினாள்; கல்லும் உருண்டு போனது. தண்ணீர் மாதியின் இடுப்புக்கு ஏறிவிட்டது.

பொன் வந்து கொடியின் முனையைச் சுற்றிக்கொண்டது.

"அக்கா, என்னோடு சேர்த்து வீசு."

"நீ பஞ்சு. உன்னால் என்ன ஆகும்?"

"வீசு."

வெள்ளச்சி வீசினாள். பாறையைத் தொட்டதும் பொன் அதனிடம் கனம் கேட்டது. பாறை தன்னிடம் இருந்ததில் பாதியைக் கொடுத்தது. பொன் நேராக அடியில் போய் ஊன்றியது. கொடி கம்பிபோல் விறைத்து நின்றது. மாதி அதைப் பிடித்துப் பிடித்துக் கரையேறினாள்.

வெள்ளம் வடிந்த பிறகு இருவரும் கொடியை இழுத்தார்கள். முனை வெறுமையாக இருந்தது. கனம் ஏறியும் பொன்னின் மென்மை போகவில்லை. கற்கள் உரசி உரசி அது துகள்துகளாகி மணலுக்குள் இறங்கியிருந்தது. பொன்னே, பொன்னே என்று மாதி கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. வெள்ளச்சி மரத்தட்டில் மணலை அள்ளி, தண்ணீரில் சுழற்றிச் சுழற்றி அலசினாள். மாலைக்குள் ஒரு பொன்மணி கிடைத்தது. அதை மகளின் காதுத் துளையில் பதித்தாள்.

அன்று முதல்தான் பொன் ஆற்று மணலின் அடியில் கிடக்கிறது. அலசுகிறவர் தட்டில் மணல் ஓடிவிடும், பொன் நகராது.