நாமக்கோழிக்குக் கிடைத்த ஒற்றை இருக்கை

ஆலம்பாடி ஏரிக்கரையில் அன்று ஒரே அமளி. காடே திரண்டு வந்திருந்தது. தேர்தல் என்றால் சும்மாவா!

அந்தக் காட்டில் அதுவரை ஒரே வழக்கம்தான். எந்தக் கூட்டம் அதிக ஓட்டு வாங்குகிறதோ, காட்டு அவையின் பத்து இருக்கையும் அதற்கே. காட்டுப்பன்றிகள் குட்டியும் குருமானுமாகப் பெருத்த கூட்டம். ஆகவே பன்றிகளே ஜெயித்தன, பன்றிகளே ஆண்டன. மற்றவை வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன.

இந்த வருடம் மான்கள் மல்லுக்கட்டிப் புது முறையைக் கொண்டுவந்துவிட்டன. பத்தில் ஒரு பங்கு ஓட்டு வாங்கினால் ஒரு இருக்கை. பாதி ஓட்டு வாங்கினால் ஐந்து இருக்கை. வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற பங்கு, அவ்வளவுதான். ஆறு இருக்கை சேர்த்துக் காட்டுகிறவருக்கு ஆட்சி.

நாமக்கோழி வெள்ளச்சிக்கு ஆட்சியும் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுத்த நீர்ப்பறவை அவள். ஏரியோரக் கோரைக்குள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தாள். பன்றிகளுக்கோ கோரைக்கிழங்கு என்றால் உயிர். போன வருடம் கிழங்கு தோண்ட வந்தவை, கூட்டையும் முட்டைகளையும் சேற்றோடு சேறாக மிதித்துவிட்டுப் போயின. ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. அவையில் நீர்ப்பறவைகளுக்கு ஆளே இல்லை. யாரிடம் போய் அழுவாள், பாவம்!

இந்தத் தடவையும் அப்படி ஆகிவிட்டால் தாங்கமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. முக்குளிப்பான், தாரா, உள்ளான் என்று ஏரியில் இருந்த அத்தனை பறவைகளையும் கூட்டினாள்.

"நாம தனியா நிப்போம். எல்லாரும் சிந்தாம சிதறாம போட்டா ஒரு இருக்கை நமக்கு உறுதி" என்றாள்.

பறவைகள் தலையாட்டின. அந்த நேரம் பார்த்துப் புதருக்குள்ளிருந்து வந்து சேர்ந்தது கீரி.

"அக்கா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஒரு இருக்கையை வச்சு என்ன கிழிக்கப் போறீங்க? ஜெயிக்கிற பக்கம் போடுங்க. பன்றி அண்ணன் நன்றி மறக்க மாட்டார்!"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பன்றி கிளறிப் போட்ட கோரையில் முட்டை பொறுக்குவது கீரிக்கு எவ்வளவு சுலபம்! ஆனால் முக்குளிப்பானுக்கு அது உறைக்கவில்லை.

"கீரி சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு? தோக்குற பக்கம் போட்டு ஓட்டை வீணாக்குவானேன்?" என்றது.

வெள்ளச்சிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"பழைய புத்தி இன்னும் போகலையா உனக்கு? இப்ப தோக்குற பக்கமே கிடையாதப்பா. யாருக்குப் போட்டமோ அவங்க கணக்குலயே ஓட்டு சேரும். போன தடவை நீ பன்றிக்குத்தானே போட்டே? உன் கூட்டை மட்டும் விட்டு வச்சாங்களா? எலி வளையானாலும் தனி வளை வேணும்!"

முக்குளிப்பான் தண்ணீருக்குள் முங்கிக்கொண்டது. கீரி மீசையை நக்கியபடி நழுவியது.

ஓட்டுப்பதிவு தொடங்கியது. தாழம்புதருக்குப் பின்னால் பன்றிக்கு, மானுக்கு, நீர்ப்பறவைக்கு என்று மூன்று குழிகள். ஆளுக்கொரு புங்கங்கொட்டை. பிடித்த குழியில் போட்டுவிட்டு வரவேண்டும். யார் எதில் போட்டது என்று எவருக்கும் தெரியாது. முக்குளிப்பான் கூட்டம் புதருக்குள் போய் வந்தபோது வெள்ளச்சி எட்டி எட்டிப் பார்த்தாள்.

எண்ணியது யார் தெரியுமா? ஆமை! அது ஒரு கொட்டையை எடுக்கும், திருப்பிப் பார்க்கும், பெருமூச்சு விடும், அப்புறம் அடுத்த கொட்டை. குரங்குகள் பொறுக்கமுடியாமல் கிளையை உலுக்கின. பன்றிகள் முன்கூட்டியே வெற்றி முழக்கம் போட்டன. மான்கள் காதை விடைத்துக்கொண்டு நின்றன. வெள்ளச்சியோ கூட்டுக்கும் கரைக்குமாக ஓடினாள். முட்டை சூடு ஆறக்கூடாதே!

பொழுது சாய்வதற்குள் ஒருவழியாக ஆமை கழுத்தை நீட்டியது.

"பன்றிகளுக்கு ஐந்து. மான்களுக்கு நான்கு. நீர்ப்பறவைகளுக்கு ஒன்று!"

ஏரி முழுக்க இறக்கைச் சத்தம். முக்குளிப்பான் வெள்ளச்சி பக்கமாக நீந்தி வந்து, "நாங்க நம்ம குழியிலதான் போட்டோம்" என்றது வெட்கத்தோடு. வெள்ளச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

முழக்கம் போட்ட பன்றிகள் மறுபடி எண்ணிப் பார்த்தன. ஐந்துதான் இருக்கிறது. ஆறு வேண்டுமே! அடுத்த நிமிடம் பன்றித் தலைவர் தெத்துப்பல்லர் கோரை ஓரத்தில் வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, மிதிக்காமல் நின்றார்.

"தங்கச்சி, ஆதரவு குடு. உன்னைத் துணைத்தலைவர் ஆக்கறேன்."

"எனக்குக் கிடைச்ச ஒரு இருக்கையில உக்காரவே நேரமில்லண்ணே, அடைகாக்கணும். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எங்க குஞ்சுங்க பொரிச்சு நீந்துற வரைக்கும் இந்தக் கோரையில ஒரு பன்றி மூக்கும் படக்கூடாது."

"அதுக்கென்ன, முதல்ல ஆட்சியில உக்காருவோம். அப்புறம் பேசிக்கலாம்."

"இல்லண்ணே. முதல்ல தீர்மானம். அப்புறம்தான் ஆட்சி."

தெத்துப்பல்லர் கோரையைப் பார்த்தார். கிழங்கு வாசனை மூக்கைத் துளைத்தது. தலைவர் இருக்கையையும் நினைத்துப் பார்த்தார். கடைசியில் உறுமிக்கொண்டே சரி என்றார். காட்டின் முன்னிலையில் தீர்மானம் நிறைவேறியது. அதன் பிறகே வெள்ளச்சி தன் ஒன்றைப் பன்றிகளின் ஐந்தோடு சேர்த்தாள்.

மான்களின் தலைவருக்கு வந்ததே கோபம்!

"உன் முட்டையை மிதிச்சவங்களோடவா கைகோக்கற? வெக்கமா இல்ல?"

"மிதிச்சது அவங்கதாண்ணே. அதனாலதான் அவங்களைக் கட்டிப் போட்டேன். நீங்க கோரைப்பக்கமே வரமாட்டீங்க. உங்ககிட்ட வாக்கு வாங்கி நான் என்ன பண்ண? அதுவுமில்லாம உங்க நாலோட என் ஒண்ணு சேர்ந்தா ஆறு ஆகுமா?"

மான் குளம்பால் மண்ணில் கோடு கிழித்துக் கூட்டிப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. மறுநாளே இரண்டு பன்றிக்குட்டிகள் கிழங்கு ஆசையில் கோரைக்குள் மூக்கை நீட்டின. தெத்துப்பல்லரே பாய்ந்து வந்து முட்டித் தள்ளினார். மாலையில் கீரி பதுங்கிப் பதுங்கி வந்தது.

"அண்ணே, நான் உங்களுக்காக ஓட்டுக் கேட்டவனாச்சே! ரெண்டே ரெண்டு முட்டை..."

"ஓடிப்போ! இங்க ஒரு முட்டை உடைஞ்சா அங்க என் ஆட்சி உடையும்!" என்று விரட்டினார் தெத்துப்பல்லர். கீரி ஏரியை விட்டே ஓடியது.

முட்டைகள் பொரிந்தன. ஒரு காலை, செந்தலைக் குஞ்சுகள் வரிசையாகக் கோரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கின. வெள்ளச்சி முன்னால் நீந்தினாள். கரையில் காவலுக்கு நின்ற தெத்துப்பல்லர், ஒன்றாவது குறைகிறதா என்று கவலையோடு குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

நம் பலம் சிறியது என்று அதை அடுத்தவர் குழியில் கொட்டிவிடக்கூடாது. கையளவே ஆனாலும் நம் கையில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.